ஓட்டில் கை வைக்கும் முன் மோட்டுவளையைப் பாருங்கள்

வீடு: வாசகர் கேள்வி பதில்

எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. 30 அடி நீளம், 16 அடி அகலம். சாரல் பிடித்தால் நடுக்கூடத்தில் சொட்டுகிறது. பார்க்க வந்த மேஸ்திரி, ஓட்டையெல்லாம் இறக்கிவிட்டுத் தகரம் போட்டுவிடலாம், முகட்டையும் இரண்டு அடி தாழ்த்திக்கொண்டால் செலவு மிச்சம் என்கிறார். வீட்டுக்காரருக்கு ஓடு வேண்டும் என்று ஆசை. முகடு என்பது உச்சியில் கவிழ்த்து வைத்திருக்கும் ஓடுதானே? அதைத் தாழ்த்தினால் என்ன கெட்டுவிடும்?
— வாசகி, கடையநல்லூர்

அவசரப்பட்டு எதையும் இறக்கிவிடாதீர்கள் அம்மா. உங்கள் கேள்வியைப் படித்ததும் இந்த வாரம் மற்ற கேள்விகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

முகடு என்றால் அந்தக் கவிழ்த்த ஓடு மட்டும் இல்லை. சின்ன வயதில் மல்லாந்து படுத்துக்கொண்டு சும்மா கிடந்தால், "என்ன, மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கே?" என்று பாட்டி அதட்டுவாரே, அந்த மோட்டுவளைதான் முகட்டின் உயிர். வீட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை உச்சியில் ஓடும் மரம் அது. இரண்டு பக்கமும் சரிவாகப் போகும் கைமரங்களும் மேலே வந்து அதன்மேல்தான் சாய்கின்றன. கைமரத்தின்மேல் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டமான ரீப்பர், ரீப்பரின்மேல் ஓடு. இரு பக்கத்து ஓடும் உச்சியில் சந்திக்கும் இடைவெளியைச் சாந்து வைத்து முகட்டு ஓட்டால் மூடுகிறோம். ஆக, மூடி மேலே இருக்கிறது, தாங்குவது கீழே இருக்கிறது. எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் கூரையைப் பிரிப்பது, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமல் எல்லாப் பல்லையும் பிடுங்குவது போலத்தான்.

உங்கள் வீட்டுக் கூரை எவ்வளவு கனம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தாழ்வாரத்தையும் சேர்த்து ஒரு பக்கச் சரிவு 11 அடி என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் சேர்த்து 660 சதுர அடி. மங்களூர் ஓடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும். அப்படியானால் 900 ஓட்டுக்கு மேல். ஓர் ஓடு இரண்டரை கிலோ. இரண்டு டன்னுக்கு மேல் உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது. மழையில் நனைந்தால் இன்னும் கூடும். இவ்வளவு கனமும் கைமரத்தின் வழியாகக் கீழே இறங்குகிறது. இறங்கும்போது சுவரை வெளியே தள்ளவும் பார்க்கிறது. மோட்டுவளை கெட்டியாக நின்றால் அந்தத் தள்ளல் குறைவு. அது தொய்ந்தால் கைமரங்கள் கால் பரப்ப ஆரம்பிக்கும். சுவருக்குச் சுவர் குறுக்கே போட்டிருக்கும் விட்டம் அப்போது அவற்றை இழுத்துப் பிடிக்கும். அதனால் யார் என்ன சொன்னாலும், உயரம் கிடைக்கும், பரண் கட்டலாம் என்று விட்டத்தை மட்டும் அறுக்க விடாதீர்கள்.

சரி, இப்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். இதற்கு மேஸ்திரி வேண்டாம், நீங்களே பார்க்கலாம்.

காலை வெயில் ஏறுவதற்கு முன் எதிர்ப்பக்கத் தெருவில் போய் நில்லுங்கள். ஒரு நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, கண்ணுக்கு நேராக முகட்டுக் கோட்டோடு ஒட்டிப் பாருங்கள். நடுவில் தொய்வு தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே போய், மோட்டுவளையின் அடிப்பக்கத்தில் கோடிக்குக் கோடி நூல் கட்டி அளந்துகொள்ளுங்கள். 20 அடிக்கு ஓர் அங்குலம் வரை நான் பொறுத்துக்கொள்வேன். பழைய மரம் அப்படித்தான் உட்காரும். அதற்கு மேல் போனால், அல்லது போன வருஷத்தைவிட இந்த வருஷம் தொய்வு கூடியிருந்தால், மரத்தைப் பார்க்காமல் ஓட்டைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை. பக்கச் சுவரில் மோட்டுவளை உட்காரும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். நடுமரம் நன்றாக இருக்கும், சுவருக்குள் இருக்கும் முனை மட்டும் கறையான் தின்று மாவாகியிருக்கும். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த முனையில் அழுத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் உள்ளே போனால் அந்த முனை போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம் உச்சி வெயிலில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, இருட்டில் மேலே பாருங்கள். முகட்டு வரிசை நெடுக வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் சாந்து விட்டிருக்கிறது. தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். முகட்டில் நுழைந்த தண்ணீர் கைமரத்தின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி இறங்கி, ரீப்பர் குறுக்கிடும் இடத்தில்தான் சொட்டும். மரத்தில் கருத்த கோடு ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே மேலே போங்கள். எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் கோளாறு.

எங்கள் பக்கம் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரலைக் கிடையாகவே வீசும். உங்கள் முகடு வடக்கு தெற்காக ஓடினால், மேற்குப் பக்கத்துச் சாந்துதான் முதலில் விடும். கிழக்கு மேற்காக ஓடினால் முகட்டு ஓடுகளின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓட்டைக் கிழக்குக் கோடியில் ஆரம்பித்து மேற்கே அடுக்கிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் மேற்கு ஓடு கிழக்கு ஓட்டின்மேல் ஏறி, வாய் காற்றுக்கு முதுகு காட்டும். எதிர்மாறாக அடுக்கியிருந்தால் எத்தனை தடவை சாந்து பூசினாலும் ஒழுகும்.

பத்து வருஷம் முன்பு, குற்றாலம் பக்கம் ஒரு வீட்டில் இதே புகார். ஒரே ஒரு முகட்டு ஓட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பழைய சுண்ணாம்புச் சாந்து. அதில் நாலு விரல் தடம் பதிந்திருந்தது. முதன்முதலில் அந்த ஓட்டை வைத்த கொத்தனாரின் விரல். சாந்தை ஓரத்தில் வழித்துவிட்டு நடுவில் வெற்றாக விட்டிருந்தார், அப்படித்தான் விட வேண்டும். அதற்கு மேல் பிறகு யாரோ கெட்டியாகச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பழைய சுண்ணாம்பு இன்னும் ஓட்டைப் பிடித்திருந்தது. சிமெண்ட் மட்டும் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து, அந்தப் பொருக்குக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. விரல் தடத்தின்மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடக் குட்டையான விரல். அந்தக் கொத்தனாரின் வேலையை நான் கலைக்கவில்லை. மேலே பூசிய சிமெண்டை மட்டும் தட்டி எடுத்தேன்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், ஓட்டுக் கூரை அசையும். பகலில் மரம் காய்ந்து சுருங்குகிறது, ஓடு சூடேறி விரிகிறது, ராத்திரியில் எல்லாம் திரும்புகிறது. சுண்ணாம்பு இந்த அசைவுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சிமெண்ட் மட்டும் கூடுதலாகப் போட்டால் விட்டுக்கொடுக்காது, வெடிக்கும். இப்போது சுண்ணாம்புச் சாந்து அரைத்துக் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி வேலை செய்ய ஆள் கிடைப்பது அரிது. அப்படிக் கிடைக்காவிட்டால் ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு சலித்த மணல் என்று கலந்துகொள்ளச் சொல்லுங்கள். முகட்டு ஓட்டை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். உலர்ந்த ஓடு சாந்திலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிறகு ஒட்டாது. சாந்தை ஓட்டின் இரண்டு ஓரத்துக்கும் மூட்டுக்கும் மட்டும் வையுங்கள். வயிறு முழுவதும் திணித்தால் கனமும் கூடும், ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சரிவின் கடைசி வரிசை ஓடு முகட்டு ஓட்டின் அடியில் குறைந்தது மூன்று அங்குலம் போயிருக்க வேண்டும். சிலர் மேல் வரிசை ஓட்டை அளவு பார்க்காமல் உடைத்து வைத்துவிட்டு, மிச்ச இடைவெளியைச் சாந்தால் அடைப்பார்கள். முகடு ஒழுகும் பல வீடுகளில் நான் பார்த்த முதல் குற்றம் இதுதான்.

இனி முகட்டைத் தாழ்த்தும் விஷயத்துக்கு வருவோம். என் அப்பா அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை உயரமாக வைப்பார். உங்கள் 16 அடி அகலத்துக்கு 5 அடி 4 அங்குலம். கிட்டத்தட்ட 34 பாகைச் சரிவு. மங்களூர் ஓட்டுக்கு இது வாகானது. முகட்டை இரண்டு அடி தாழ்த்தினால் உயரம் மூன்றே கால் அடி சொச்சம் ஆகும், சரிவு 22 பாகைக்கு வந்துவிடும். அந்தச் சரிவில் தண்ணீர் மெதுவாக ஓடும். எதிர்க்காற்று அடித்தால் ஓட்டு மூட்டுக்குள் பின்னோக்கி ஏறும். தகரம் போட்டால் ஒழுகாமல் தப்பிக்கலாம், ஆனால் வெக்கையை என்ன செய்வீர்கள்? சூடான காற்று முகட்டுக்கு அடியில்தான் போய்க் குவியும். அது உங்கள் தலையிலிருந்து எட்ட இருக்க வேண்டும் என்றுதான் பெரியவர்கள் முகட்டைத் தூக்கி வைத்து, பக்கச் சுவரின் உச்சியில் சின்னச் சந்தும் விட்டார்கள். உங்கள் வீட்டிலும் அந்தச் சந்து இருக்கும். புறா வருகிறது என்று அடைத்திருந்தால் கம்பி வலை அடித்துத் திறந்து விடுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் கூரையைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு விஷயத்தை மேஸ்திரியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். 1990களின் நடுவில் நான் தனியாக எடுத்த ஒரு வேலையில், கிழக்குச் சரிவின் ஓட்டை மொத்தமாக இறக்கினேன். மேற்கில் எல்லா ஓடும் அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மோட்டுவளை இரண்டு அங்குலம் கிழக்கே சரிந்திருந்தது. ஒரு பக்கம் ஒரு டன் பாரம், மறுபக்கம் ஒன்றுமில்லை. சரியாமல் என்ன செய்யும்? முட்டுக் கொடுத்து நிமிர்த்த மூன்று நாள் ஆயிற்று. தவறு முழுக்க என்னுடையது. அந்த வீட்டுக்கார அம்மா மூன்று நாளும் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்ததை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து முகட்டு ஓட்டை முதலில் எடுத்து, இந்தப் பக்கம் மூன்று வரிசை, அந்தப் பக்கம் மூன்று வரிசை என்று சமமாகத்தான் இறக்குகிறேன். ஏற்றும்போதும் தாழ்வாரத்திலிருந்து இரண்டு பக்கமும் சமமாகத்தான்.

இறக்கும் ஓட்டை உடைசல் என்று தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெண்கலம் மாதிரி கணீரென்று சொன்னால் அது நல்ல ஓடு. பொத்தென்று சொன்னால் உள்ளே கீறல் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் எழுத்து பொறித்திருக்கும். மங்களூரில் ஜெப்பு என்ற இடத்தில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பினர் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். நேத்ராவதி, குருபுரா ஆற்றுப் படுகைக் களிமண்ணில் செய்த ஓடு. அந்தப் பெயரும் வருஷமும் பொறித்த ஓட்டை நம் பக்கத்து வீடுகளில் நானே இறக்கியிருக்கிறேன். பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுத் திரும்ப ஏற்றினால் இன்னும் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை கிடக்கும். புதிதாக வாங்குவதாக இருந்தால், பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மங்களூர் ஓடு என்றுதான் பெயர், ஆனால் அளவு ஒன்று போல் இருக்காது. ரீப்பர் இடைவெளியோடு சேராது. முகட்டு ஓடு எத்தனை வேண்டும் என்று தெரிய, மூன்று ஓட்டைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்து, எவ்வளவு நீளம் மூடுகிறது என்று அளந்து, முகட்டு நீளத்தை அதைக்கொண்டு வகுத்து, வந்ததை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். கூடவே ஐந்தாறு அதிகமாக வாங்கி வையுங்கள். குரங்கு வந்தால் முதலில் உட்காருவது முகட்டில்தான்.

எங்கள் வீடு மூலை திரும்பும் வீடு. உச்சியில் ஒழுகவில்லை, இரண்டு கூரையும் சேரும் இடத்தில் ஒழுகுகிறது. அங்கேயும் முகட்டு ஓடு வைத்து மூடிவிடலாமா?
— வாசகர், நாகர்கோவில்

கூடாது தம்பி. முகட்டில் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடுகிறது. நீங்கள் சொல்வது கூடல்வாய். அங்கே இரண்டு கூரைத் தண்ணீரும் வந்து சேர்கிறது. அதன்மேல் ஓட்டைக் கவிழ்த்தால் வாய்க்காலில் மண்ணைப் போட்டு அடைத்த மாதிரி ஆகிவிடும். கூடல்வாயில் அடியில் தகடு விரிக்க வேண்டும், இரண்டு பக்கத்து ஓடும் தகட்டின்மேல் ஒரு சாண் அளவு ஏறியிருக்க வேண்டும். முதலில் அங்கே தேங்கியிருக்கும் இலைச் சருகை வாரிப் போட்டுவிட்டு ஒரு மழைக்குப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு சரியாகிவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தகரக் கூரையில் முகட்டுத் தகடு முதலில் பிய்ந்தது. பிறகு தகரம் ஒவ்வொன்றாகப் போனது. அப்போது அவசரத்துக்குப் போட்டதை இப்போது ஒழுங்காக மாற்றப் போகிறோம். முகட்டில் என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், வேதாரண்யம்

அந்த இரவை அனுபவித்தவர்களிடம் காற்றைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஏன் முகடு முதலில் போனது என்று தெரிந்துகொள்ளுங்கள். காற்று கூரைமேல் ஏறி உச்சியைத் தாண்டும்போது அங்கே கூரையை மேலே உறிஞ்சுகிறது. ஓட்டுக் கூரைக்குத் தன் கனமே காவல். தகரத்துக்குக் கனம் இல்லை, திருகாணிதான் காவல்.

பெரும்பாலான இடங்களில் முகட்டுத் தகட்டைத் தகரத்தோடு மட்டும் திருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது போதாது. உச்சிக்கு இரண்டு பக்கமும் பக்கத்திலேயே ஒவ்வொரு குறுக்குச் சட்டம் வர வேண்டும். திருகாணி தகடு, தகரம் இரண்டையும் துளைத்து அந்தச் சட்டத்தில் இறங்க வேண்டும். தகரத்தின் மேட்டில் துளை போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதில் நின்று இறங்கும். வாசர் ரப்பர் வைத்ததாக இருக்கட்டும். நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு, இரண்டு கோடியிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று. தகட்டின் சிறகு தகரத்தின்மேல் இரண்டு பக்கமும் அரை அடிக்குக் குறையக் கூடாது. தகரத்தின் பள்ளத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் காற்று புகுந்துதான் தகட்டைத் தூக்குகிறது. அதற்கென்று நெளிவு வெட்டிய நுரைப்பட்டை கடையில் கிடைக்கிறது, அதை வைத்து அடையுங்கள். உப்புக்காற்று ஊர் என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசிக்கு முன், ஏணி வைத்துத் திருகாணித் தலைகளைப் பாருங்கள். துரு ஏறியதை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஏதாவது மிச்சம் இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நனைத்து, முழுசாக இறக்கி, தெரிந்தவர்களை வைத்து அப்புறப்படுத்துங்கள்.

பழைய வீட்டை இடிக்கிறோம். மோட்டுவளை பனைமரம், கைமரமும் பனங்கைதான். 70 வருஷ மரம். புது வீட்டின் முன் திண்ணைக்கு இதே மரத்தைப் போட வேண்டும் என்று அம்மா சொல்கிறார்கள். தாங்குமா?
— வாசகி, உடன்குடி

அம்மா சொல்வது சரி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. பனையின் வெளிப்பக்கம்தான் வைரம், நடுவில் இருப்பது சோறு. 70 வருஷம் நின்ற பனங்கையில் சோறு எப்போதோ உதிர்ந்துபோயிருந்தாலும் வைரம் இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் புதைந்திருந்த முனைகளை மட்டும் ஒரு முழம் அறுத்துத் தள்ளிவிடுங்கள். மரத்தின் கறுப்பு நார் நெருக்கமாகத் தெரிகிற பக்கம் கீழே பார்த்து இருக்க வேண்டும். மரம் வளையும்போது இழுவை அந்தப் பக்கம்தான் வரும். மோட்டுவளை முன்பு எந்தப் பக்கம் தொய்ந்திருந்ததோ அதை இப்போது மேலே வரும்படி திருப்பி வைப்பதும் உண்டு, ஆனால் முதலில் இந்த நாரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். புதிய சுவரில் மரம் உட்காரும் குழியில் நேராகச் சிமெண்டை அடைக்காமல், ஒரு கல்லை அடியில் வைத்து, சுற்றிலும் விரல் அளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். மரத்துக்கு மூச்சு விட இடம் வேண்டும்.

மோட்டுவளை ஏற்றும் அன்று பழைய மரத்துக்கு மஞ்சள் துணி கட்டலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கட்டுங்கள். அம்மா கையால் கட்டச் சொல்லுங்கள்.